தாட்சாயணி பிடுங்கிய குச்சி

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்று சொல்லிவைத்தவர்கள் எங்கள் தாட்சாயணியைப் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில்தான் உட்காருவாள். சண்டை என்றால் முதல் ஆளாக வந்து நிற்பாள். அது அவளுடைய சண்டையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

ஆந்திர எல்லை ஊரான நகரியில், கீழ்த்தெருவில் என் தறிக்கொட்டகைக்கு நேர் எதிர்க் கொட்டகை அவளுடையது. பொதட்டூர்ப்பேட்டையில் பிறந்து, தாமோதரனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். வந்தபோது மாமியார் வீட்டில் இரண்டு விசைத்தறி. இப்போது நான்கு. நடுவில் தாமோதரனுக்கு முதுகெலும்பு தேய்ந்து, தறி முன்னால் நிற்க முடியாமல் போயிற்று. ஒற்றைப் பொம்பளை நாலு தறியை எப்படி ஓட்டுவாள் என்று தெருவே கன்னத்தில் கை வைத்துப் பார்த்தது. ஓட்டினாள். பாவு நூல் பிணைப்பதிலிருந்து மோட்டார் பெல்ட் மாட்டுவது வரைக்கும் அவளே. தாமோதரன் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, ஊடை நூலைக் குச்சியில் தாராகச் சுற்றிக் கொடுப்பார். நல்ல மனிதர். அந்த வீட்டில் பேசுகிற வேலை முழுவதையும் மனைவியிடம் விட்டுவிட்டார்.

எங்கள் பிழைப்புக்கு எமன் சாயங்காலம்தான். பகலில் கரண்டுக்குக் குறைவே இல்லை. அனந்தபுரம், கர்னூல் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் பலகை பலகையாகப் போட்டு வெயிலிலிருந்து கரண்ட் எடுக்கிறார்கள். ஆடிக்காற்று அடித்தால் காற்றாடிகளும் சேர்ந்துகொள்ளும். பொழுது சாய்ந்தால் வெயில் கரண்ட் அடங்கிவிடும். காற்றை நம்ப முடியாது. அதே நேரம் பார்த்து ஊர் முழுக்க விளக்கும் டிவியும் ஏசியும் போடுவார்கள். நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம். யாருடைய லைனையாவது நிறுத்தினால்தான் மற்றவர்களுக்குப் போதும் என்று ஆனபோது, எங்கள் தறி லைனை நிறுத்தினார்கள். ஏழைக்கு எப்போதும் இதுதானே.

முதல் ஷிப்டில் நெய்வது நூலுக்கும் கரண்ட் பில்லுக்கும் சரியாகிவிடும். சாயங்காலம் தொடங்கும் இரண்டாவது ஷிப்டில்தான் வீட்டுக்கு ஏதாவது மிஞ்சும். அந்த ஷிப்ட் செத்துப்போனது. கரண்ட் நின்ற இடத்தில், நெய்கிற லுங்கியில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டை விரலால் தடவிக் காட்டியே வியாபாரி விலையைக் குறைப்பான். மேல்தெருவில் பாதிக் கொட்டகைகள் காலியாயின. தறிகளைப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு போய்விட்டார்கள். வாங்குகிறவன் ஜெபகுமார். தொங்குதராசும் மினி லாரியுமாக வருவான். துக்கம் விசாரிக்க வந்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டு தறியைக் கழற்றுவான்.

எங்கள் தெருக்களில் ஒரு வழக்கம் உண்டு, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தறி மோட்டாருக்கு ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும். பச்சைப் பட்டனை அமுக்கினால் மோட்டார் ஓடும். கரண்ட் போனால் பட்டன் தானாக விடுபட்டுவிடும், கரண்ட் திரும்ப வந்ததும் யாராவது போய் அமுக்க வேண்டும். எங்களுக்கு அந்த வேலையே இல்லை. தறி பூட்டிய அன்றைக்கே மஞ்சள் தடவிப் பொட்டு வைத்த தார்க்குச்சி ஒன்றைப் பட்டன்மேல் இறுக்கிச் செருகிவிடுவோம். பட்டன் எப்போதும் அமுங்கியே இருக்கும். கரண்ட் வந்த நொடியில் மோட்டார் தானாக உறுமும். குழாயடியில் இருந்தாலும் டீக்கடையில் இருந்தாலும் அந்த உறுமலைக் கேட்டு ஓடிவருவோம். ஆயுதபூஜைக்குக் குச்சிக்குப் புதிதாகப் பொட்டு வைப்போமே தவிர, வெளியே எடுக்க மாட்டோம். தறியை விற்கும்போதுதான் எடுப்பார்கள். 'அந்த வீட்ல குச்சி புடுங்கிட்டாங்க' என்றால் அந்த வீடு தறியை விட்டுவிட்டது என்று பொருள். அந்தப் பேச்சு காற்றோடு போய் ஜெபகுமார் காதில் விழும். மறுநாள் மினி லாரி வரும்.

தாட்சாயணியின் மகன் சிரஞ்சீவி ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான், தடாவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். போன் பேசும்போதெல்லாம் ஒரே பாட்டு. "தறிய குடுத்துட்டு வந்துடுமா. நைனாவ நல்ல டாக்டர்கிட்ட காட்டிக்கலாம்." பாசத்தில்தான் சொல்கிறான். அவளுக்கு அது தெரியும், தெரிந்ததால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

"என் தறிய எடைக்குப் போட வர்றவன் மொதல்ல என்ன தூக்கி தராசுல வெக்கட்டும்" என்பாள்.

அப்போதுதான் பெட்டி வந்தது. லாரி நிறைய நீளநீளமாக வெள்ளைப் பெட்டிகள். திருப்பத்தில் திரும்ப முடியாமல் டிரைவர் பின்னால் எடுத்ததில் அவள் கொட்டகைச் சுவரின் முனை இடிந்தது. விடுவாளா? லாரி முன்னால் போய் நின்றுகொண்டாள். லாரியோடு வந்த பெண் இன்ஜினியர் இறங்கி ஓடிவந்தார். பெயர் ஹரிதா, கடப்பாக்காரர், சின்ன வயது.

"அக்கா, கோபப்படகண்டி. இது உங்களுக்காகத்தான் வந்திருக்கு. பேட்டரி."

"எங்களுக்குன்னா எங்க சொவத்த இட்ச்சிக்கினு தான் வரணுமா?"

ஹரிதா அங்கேயே நின்று விளக்கினார். பகலில் மிஞ்சுகிற வெயில் கரண்டை இந்தப் பெட்டிகள் வாங்கி வைத்துக்கொள்ளும். சாயங்காலம் தறி லைனை நிறுத்தும்போது, அந்த லைனுக்குக் கரண்ட் கொடுக்கிற வேலையைப் பெட்டிகள் எடுத்துக்கொள்ளும். சோதனைக்காகச் சித்தூர் ஜில்லாவில் நம் தறி லைனுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். இங்கே சரிப்பட்டு வந்தால் இங்கேயே இருக்கும்.

தாட்சாயணி கொஞ்ச நேரம் பெட்டிகளையே பார்த்தாள். பிறகு லாரிக்கு வழிவிட்டாள். டிரைவரைத் திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

பெட்டி ஓட ஆரம்பித்த முதல் சாயங்காலம் எல்லாரும் தெருவில் நின்றோம். வழக்கம்போலக் கரண்ட் போனது. அடுத்த நிமிடம் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன, எல்லாக் கொட்டகையிலும் மோட்டார் ஒன்றாக உறுமியது. நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் எல்லாம் அணைந்துவிட்டது. மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும் அதேதான். எங்கள் ஆட்களுக்குப் பெயர் வைக்கச் சொல்லித்தர வேண்டுமா? 'கண்ணடிக்கிற பெட்டி' என்று வைத்துவிட்டார்கள். வேங்கடாசலம்தான் அதிகம் சிரித்தவர். இருபது தறிக்காரர், தெருவிலேயே பெரிய கொட்டகை. "ஊர் கண்ணுல மண்ணத் தூவ வந்த பொட்டி" என்று டீக்கடையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்.

பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து பார்த்தார். இந்த லைனுக்குப் பெட்டி தாங்காது, இதைத் தூக்கி ஒரு தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குச் சிரஞ்சீவி போனில் நெருக்கினான். இவளும் ஆத்திரத்தில் வாயை விட்டாள்.

"சரிடா. அந்தப் பொட்டி இங்கேர்ந்து போச்சுன்னா தறியும் போவட்டும். நான் வந்துடறேன். போதுமா?"

சொன்ன சொல்லை மாற்றுகிறவள் அல்ல. போனை வைத்ததும் தாமோதரன் முகத்தைப் பார்த்தாள். அவர் தார் சுற்றுவதை நிறுத்திவிட்டிருந்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கரண்ட் ஆபீசுக்குக் கிளம்பினாள்.

ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தாள். சாப்பிட்டுவிட்டு வா என்றார்கள். "நீங்க துன்னுங்க, எனக்கு வோணாம்" என்றாள். கடைசியில் ஹரிதாவே வெளியே வந்து அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். அன்று சாயங்காலம் பெட்டி கண்ணடித்தபோது ஹரிதா தாட்சாயணியின் கொட்டகைக்குள் நின்றிருந்தார். யாருமே தொடாமல் நான்கு மோட்டாரும் உறுமியதைப் பார்த்தார். ஸ்டார்ட்டர் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"அக்கா, இதி ஏமிட்டி? இந்தக் குச்சி எதுக்கு?"

தாட்சாயணி வழக்கத்தைச் சொன்னாள்.

"ஊர்ல எல்லாருமே இப்படியா?"

"எல்லாரும் தான். குச்சி இல்லாத தறி எங்கனா கீதா?"

ஹரிதா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு தெலுங்கும் தமிழும் கலந்து நிதானமாகச் சொன்னார். மோட்டார் ஓடும்போது தின்பதைவிடக் கிளம்பும்போது பல மடங்கு தின்னும். பெரிய லைனுக்குப் பின்னால் எத்தனையோ பவர் ஸ்டேஷன்கள் இருப்பதால் அது தாங்கிக்கொள்கிறது. இந்தப் பெட்டிக்குப் பின்னால் யாரும் இல்லை, அது மட்டும்தான். "ஒரு ஆளு எல்லா மூட்டையும் தூக்குவாடு அக்கா, ஒண்ணு ஒண்ணா தலைமேல வெச்சா. மொத்தத்தையும் ஒரே தடவை போட்டா கீழ விழுந்துடுவாடு." நூற்றுக்கணக்கான மோட்டார்கள் ஒரே நொடியில் கிளம்பினால் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. பெட்டியில் குறை இல்லை. மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்ப வேண்டும்.

"அப்போ எங்க மேலதான் தப்புன்றியா?" என்று தாட்சாயணி கத்தினாள்.

"ஆமா அக்கா" என்றார் ஹரிதா.

அவளிடம் அப்படி நேருக்கு நேர் சொன்னவர்கள் அதுவரை யாரும் இல்லை. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் காது மடல் சிவந்துபோயிற்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக நாங்கள் எல்லாருமே அந்தப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தோமே என்று எனக்கும் வெட்கமாக இருந்தது. அவள் வெட்கப்பட்டு நிற்கிற ரகமில்லை. கோபத்தின் திசையை மட்டும் மாற்றிக்கொண்டாள்.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் இன்னொரு வாட்டி பாரு மேடம். பெரியவருகிட்ட நீ சொல்லு. தெருவ நான் பாத்துக்கறேன்."

பெரிய அதிகாரி ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமையும் பெட்டி தாங்காவிட்டால் அதைத் தூக்கிப்போகச் சனிக்கிழமை லாரி வரும் என்றும் சொல்லியனுப்பினார்.

தெருவைப் பார்த்துக்கொள்வது ஆபீஸ் வாசலில் உட்காருவதுபோல அத்தனை சுலபமில்லை. வீடு வீடாகப் போனாள். குச்சியை எடு என்று சொன்ன உடனேயே பெண்கள் பின்வாங்கினார்கள். நல்ல நாளும் அதுவுமாக யார் பிடுங்குவது? எடுத்த பிறகு தறி உண்மையிலேயே போய்விட்டால்? ஆண்களுக்கு வேறு கவலை. நான் எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரன் எடுக்காமல் இருந்தால்? அவன் தறி ஓடும், நான் வேடிக்கை பார்ப்பேனா? வேங்கடாசலம் நேராகவே சொல்லிவிட்டார்.

"எங்கப்பா வெச்ச குச்சிமே அது. பொட்டிக்காக புடுங்க மாட்டேன். பொட்டி தாங்கலன்னா அது பொட்டியோட கர்மம்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் தாட்சாயணி தலைக்குக் குளித்து, கொட்டகைக் கதவுகளை அகலத் திறந்து வைத்தாள். தெரு பார்க்கட்டும் என்றுதான். முதல் ஸ்டார்ட்டரில் இருந்தது அவள் மாமியார் பொட்டு வைத்துச் செருகிய குச்சி, கருத்துப்போய் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பிடுங்கிக் கூடையில் போட்டாள், அடுத்த இரண்டையும் அப்படியே. எதிர்ச்சாரியில் ஒரு பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"தாலி கட்னவரு வாசல்ல குந்திக்கினு இருக்கச்சொல்லவே குச்சி புடுங்குறியே, நல்லா இருப்பியா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தறி ஓடணும்னுதான் குச்சி வெச்சாங்க. குச்சிக்காக தறிய சாவடிக்கச் சொல்லி யாரும் வெக்கல" என்றாள் தாட்சாயணி. "சாமி குத்தம்னா அது என் தலமேல வுழட்டும். உங்க குச்சியையும் என் கையாலயே புடுங்குறேன், பாவம் எனக்கே வரட்டும். வாங்க!"

யாரும் அசையவில்லை. தாமோதரன்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போனார். நாலாவது தறியின் குச்சியைத் தன் கையால் பிடுங்கி, அவள் பிடித்திருந்த கூடையில் போட்டார். அடுத்ததாக நான் போய் என் குச்சிகளைக் கொண்டுவந்தேன். அப்புறம் வரிசையாக வந்தார்கள். சிலர் தாங்களே எடுத்தார்கள். பலர் அவளைக் கூப்பிட்டுப் பிடுங்கச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் கூடை நிறைந்து, ஒரு அரிசி மூட்டைச் சாக்கும் முக்கால்வாசி ஆனது. வேங்கடாசலத்தின் இருபது குச்சிகள் மட்டும் அதில் இல்லை.

ஹரிதா ஒரு விதி சொல்லியிருந்தார். கரண்ட் வந்ததும் தெருமுனைக் கொட்டகை முதலில் கிளப்ப வேண்டும். அந்தச் சத்தம் சமனான பிறகு அடுத்த கொட்டகை. அதன் சத்தம் சமனான பிறகு அதற்கடுத்தது. சத்தத்தைக் காதால் பிடிக்கத் தறிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விதியைக் கேட்டதும் எல்லார் கண்ணும் இருபது தறிக் கொட்டகைப் பக்கம் போனது.

நகரி மூக்கு மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியது. கரண்ட் போனது. அந்த ஒரு நிமிட இடைவெளியில் தாட்சாயணி விறுவிறுவென்று வேங்கடாசலத்தின் கொட்டகைக்குள் நுழைந்தாள். சுவரில் இருந்த போர்டைத் திறந்து மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் உருவி மடியில் கட்டிக்கொண்டாள். வெளியே வந்து அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"திருட்டுமே இது! போலீஸ கூப்புடுவேன்!" என்று வேங்கடாசலம் குதித்தார்.

"கூப்புடு. போலீஸ் டேஷன்லயும் இந்த நேரத்துக்கு கரண்ட் வோணும்தானே, அவங்களும் பாத்துட்டுப் போவட்டும்."

அதற்குள் விளக்குகள் எரிந்தன. எரிந்துகொண்டே இருந்தன. எந்த மோட்டாரும் உறுமவில்லை. அப்படி ஒரு வெளிச்சமான அமைதியை நாங்கள் அதுவரை கேட்டதே இல்லை. தெருமுனைக் கொட்டகையில் ஒரு மோட்டார் கிளம்பியது. விளக்கு லேசாக மங்கி நிமிர்ந்தது. தடக் தடக் என்று சத்தம் சமனாயிற்று. அடுத்த கொட்டகை. அதற்கடுத்தது. கீழ்த்தெரு முடிந்து நடுத்தெருவில் சத்தம் ஏறியது. நடுத்தெருவைத் தாண்டி மேல்தெருவுக்குப் போனது. வேங்கடாசலத்தின் தறிகளும் தாட்சாயணியின் தறிகளும் மட்டும் நின்றிருந்தன. தன் முறை வந்தபோது, பக்கத்துக் கொட்டகையை முதலில் கிளப்பச் சொல்லிவிட்டாள். கடைசிப் பந்தி என்றேனே.

அந்தச் சமயத்தில்தான் திருப்பத்தில் ஒரு மினி லாரி வந்து நின்றது. ஜெபகுமார். கூட இன்னொரு வண்டியையும் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். மத்தியானமே அவன் காதுக்குச் சேதி போய்விட்டதாம், தெரு மொத்தமும் குச்சி பிடுங்கிவிட்டது என்று. ஊரே தறியை விடுகிறது, வேறு வியாபாரி வருவதற்குள் முந்திக்கொள்வோம் என்று ஓடிவந்திருக்கிறான். துக்க வீட்டு முகத்தோடு தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான். இறங்கியவன் நாலாபக்கமும் ஓடிக்கொண்டிருக்கும் தறிச் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டான்.

வேங்கடாசலம் அவனைப் பார்த்தார். அவன் தோளில் தொங்கிய தராசைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, உள்ளே போனார். திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் குச்சிகள்.

"ஃபியூஸக் குடும்மே" என்றார். குரல் இறங்கியிருந்தது.

தாட்சாயணி மடியை அவிழ்த்துக் கொடுத்தாள். அவருடைய இருபது மோட்டார்களும் ஒவ்வொன்றாகக் கிளம்பும் வரைக்கும் அந்தப் படியை விட்டு எழவில்லை. பிறகு தன் கொட்டகைக்குப் போய்ப் பச்சைப் பட்டன்களைத் தன் விரலால் அமுக்கினாள். விளக்கு நிமிர்ந்தே எரிந்தது. ஹரிதா பெட்டிகள் இருக்கும் இடத்திலிருந்து போன் செய்து, "அக்கா, நிலிச்சிந்தி! தாங்கிடுச்சு!" என்று கத்தியது எனக்கே கேட்டது. தாமோதரன் தார் சுற்ற ஆரம்பித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஜெபகுமார் இன்னும் தெரு நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

"ரெண்டு வண்டி வாடகையாவது..." என்று இழுத்தான்.

தாட்சாயணி உள்ளே போய்க் குச்சிக் கூடையையும் சாக்கையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். தொங்குதராசுக் கொக்கியில் சாக்கை மாட்டினாள்.

"எங்க தெருவுல எடைக்குப் போட இதான் கீது. நிறுத்து எடுத்துகினு போ."